யார் தந்த அடவு?

பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பவை இரண்டு வகைப்படும். கொடுத்த அளவிலேயே அவர்களுக்கு உரிமையாகி விடுபவை ஒரு வகை. உணவும் உடையும் அத்தகையவை. கொடுத்த பின்னரும் கொடுத்தவரின் நினைவைத் தம்மோடு சுமந்து வருபவை மற்றொரு வகை. மொழி அத்தகையது, பெயர் அத்தகையது, ஆடலும் அத்தகையதே. முதல் வகைக்கு நன்றி கூறினால் போதும். இரண்டாம் வகைக்குக் கடன் உண்டு. கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் இருப்பதை நாம் அறிவோம். திருப்பித் தர வேண்டியதும் கடன். செய்து முடிக்க வேண்டியதும் கடன். ஆடல் கற்கும் ஒரு சிறுமிக்கு இவ்விரு பொருளிலும் கடன் உண்டா, உண்டெனில் அதனை அவள் எவ்வாறு செலுத்துவாள் என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்கப் போகும் வினா.

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில் இருப்பது செடெனாக். இருப்புப் பாதையும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் அதனை ஒட்டிச் செல்கின்றன. தோட்டங்களால் அறியப்பட்ட வட்டாரம் அது. பால்மரங்கள் நின்ற நாட்டில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலத்தில் இன்று தொழில்நுட்பப் பூங்காவும் தரவு மையங்களும் எழுகின்றன. தோட்டம் சுருங்கத் தொடங்கியதும் தோட்டத்து மக்கள் பட்டணங்களுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பெயர்ந்தனர். லயத்து வீடுகளின் முன் இருந்த திடலும், கோயில் வாசலும், அங்கே இரவு வெகுநேரம் வரை நடந்த கும்மியும் கோலாட்டமும் அவர்களோடு பெயர்ந்து செல்லவில்லை. அவற்றின் இடத்தைப் பள்ளி முடிந்த பிற்பகலில் நடக்கும் ஆடல் வகுப்பு நிரப்ப வேண்டியதாயிற்று.

இவ்வாறு பிள்ளையை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் எந்த ஊரினராயினும் அவர்கள் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. பிள்ளை பழைய ஆடலைக் கற்க வேண்டுமா, புதிய ஆடலைக் கற்க வேண்டுமா? பரதம்தான் பண்பாடு என்பார் ஒரு சாரார். பிள்ளைக்கு மகிழ்ச்சி தருவது திரைப்பாட்டுக்கு ஆடும் ஆட்டம்தானே, பரிசளிப்பு விழாவில் கைதட்டல் பெறுவதும் அதுதானே என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் நிலையில் உறுதியாக நிற்கின்றனர். ஆயினும் இருவரும் ஆடலின் வயதை மட்டுமே பார்க்கின்றனர். அது வந்த வழியைப் பார்க்க மறந்து விடுகின்றனர்.

பழைமை என்று நாம் போற்றுவது எவ்வளவு பழைமையானது? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஐந்தாம் வயதில் ஆடல் கற்கத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அவ்வளவு தொன்மையான மரபு நம்முடையது என்பதில் ஐயமில்லை. எனினும் இன்று வகுப்பில் பிள்ளைகள் கற்கும் அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வருணம், பதம், தில்லானா என்னும் வரிசை மாதவி ஆடிய வரிசையன்று. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையைச் சார்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் வகுத்தமைத்தது. பரதநாட்டியம் என்னும் பெயர் இவ்வாடலுக்கு நிலைத்ததும் 1930களில்தான். அதற்கு முன் அது சதிர் எனப்பட்டது. ஆகவே இன்று நாம் பழைமை என்று வணங்குவது ஒரு காலத்தில் புதுமையாக இருந்ததே. புதியது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும், பழையது என்பதற்காக ஒன்றைக் கொள்ளுவதும் வரலாற்றுக்கு ஒவ்வாதவை.

இக்கேள்வியை நமக்கு முன்பே எதிர்கொண்ட மக்கள் உலகில் உண்டு. பசிபிக் மாக்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் ஆடல் ஹூலா. பாட்டின் சொற்களைக் கையும் உடலும் பேசுவதே அதன் இயல்பு. பாட்டில்லாமல் ஹூலா இல்லை. 1820இல் அமெரிக்கச் சமயப் பரப்புநர் அத்தீவுகளில் வந்திறங்கினர். கிறித்துவம் தழுவிய அரசி கஅஹுமானு 1830இல் பொது இடங்களில் ஹூலா ஆடுவதற்குத் தடை விதித்தார். ஆடல் மறைந்துவிடவில்லை, ஊர்ப்புறங்களில் ஆசிரியர் சிலர் அதனைக் காத்து வைத்திருந்தனர். 1874இல் அரியணை ஏறிய கலாகவுவா மன்னர் 1883இல் தம் முடிசூட்டு விழாவில் ஹூலாவை மீண்டும் வெளிப்படையாக ஆடச் செய்தார். நாணத்தக்கது என்று இகழப்பட்ட ஒன்றை நாட்டின் உயிர் என்று அவர் கொண்டாடினார்.

பின்னர் அம்முடியரசே 1893இல் கவிழ்க்கப்பட்டது. 1896இல் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று சட்டம் வந்தது. அதன்பின் வந்த தலைமுறைகளில் பிள்ளைகள் தாய்மொழியை இழந்தனர்; ஆடல் மட்டும் எஞ்சியது. சுற்றுலாப் பயணியருக்காக ஆங்கிலப் பாட்டுக்கு இடுப்பசைத்துக் காட்டும் கேளிக்கையாக அது பல இடங்களில் தேய்ந்தது. கை பேசிக்கொண்டே இருந்தது. ஆனால் கை பேசிய மொழியை ஆடியவரே அறியார். ஒரு மக்களுக்கு நேரக்கூடிய துயரங்களுள் இதுவும் ஒன்று. ஆடல் முற்றிலும் அழிந்திருந்தால் இழப்பாவது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இங்கே இழப்பு ஆடை அணிந்து மேடையில் நின்றது. பார்த்தவர் அதனையே வாழ்வு என்று எண்ணினர்.

அத்தீவினர் 1970களில் விழித்துக் கொண்டனர். கலாகவுவா மன்னரின் நினைவாக ஹிலோ நகரில் 1964இல் தொடங்கிய விழாவில் 1971இலிருந்து ஹூலாப் போட்டி நடந்து வருகிறது. அங்கே ஆடல் குழு ஒவ்வொன்றும் இரு வகை ஆடலையும் ஆடியாக வேண்டும். தாளக் கருவியும் ஓதற்பாட்டும் கொண்டு ஆடும் பழைய வகைக்குக் கஹிகோ என்று பெயர். யுகுலேலே, கித்தார் முதலிய கருவிகளோடு ஆடும் புதிய வகையை அவுவானா என்பர். அலைந்து திரிதல் என்பது அச்சொல்லின் பொருள். ஒரே ஆசிரியரின் மாணவர் ஓர் இரவு பழையதை ஆடுகின்றனர். மறு இரவு புதியதை ஆடுகின்றனர். பழையதா புதியதா என்று அவர்கள் சண்டையிட்டு ஒன்றைக் கைவிடவில்லை. இரண்டுக்கும் ஒரே ஆசிரியர் பொறுப்பேற்கிறார். இரண்டிலும் பாட்டின் பொருள் கேட்கப்படுகிறது. 1978இல் ஹவாய்மொழி அத்தீவுகளின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று; 1984இல் அம்மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளி தொடங்கியது. ஆடலும் மொழியும் ஒன்றையொன்று கைப்பிடித்து எழுந்தன.

ஹூலாப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் வாயிலில் நின்று, உள்ளே வர இசைவு வேண்டி ஓதுவர். ஆசிரியர் மறுமொழி ஓதிய பின்னரே உள்ளே செல்வர். நம் மரபிலும் இதற்கு ஒப்பானது இருக்கிறது. ஆடத் தொடங்குமுன் பிள்ளை குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொள்கிறாள். மிதிக்கப் போவதற்காக மண்ணிடம் பொறுத்தருள வேண்டும் வணக்கம் அது. எவ்வளவு நுட்பமான பாடம் இது! எடுத்து வைக்கப் போகும் முதல் அடிக்கு முன்பே, தான் நிற்கும் இடம் தன்னுடையதன்று என்று பிள்ளைக்குச் சொல்லப்படுகிறது. அந்தப் பாடத்தைத் தொடர்ந்து நடத்துகிறோமா, அல்லது அதனையும் ஓர் அசைவாக மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தட்டடவுக்குப் போய்விடுகிறோமா?

நம் கடன் மண்ணோடு முடிவதில்லை. சதிராடிய பெண்களின் கதை அறியாமல் பரதத்தின் கதையை அறிந்தோம் என்று சொல்ல முடியாது. கோயிலுக்கும் அரசவைக்கும் உரியவராக இருந்த அம்மகளிர், காலப்போக்கில் செல்வர்களின் பிடியில் சிக்கிச் சீரழியும் நிலைக்கு ஆளாயினர். அக்கொடுமையை ஒழிக்கப் போராடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயும் அவ்வகுப்பில் பிறந்தவரே. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. அச்சட்டம் நேர்மையானது, அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் சிறுமையை நீக்கப் புறப்பட்ட சமுதாயம் அச்சிறுமைக்கு ஆளானவரையும் சேர்த்து மேடையிலிருந்து நீக்கிவிட்டது என்பதும் உண்மை.

1935இல் ருக்மிணி தேவி சென்னை அடையாற்றில் இவ்வாடலை அரங்கேற்றினார். மறு ஆண்டு கலாசேத்திரம் உருவாயிற்று. இகழப்பட்ட கலைக்கு அவர் மதிப்புத் தேடித் தந்தார். அவருக்குப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆடல் கற்பித்தார். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள் அவருக்கு அபிநயம் கற்பித்தார், பாலசரசுவதிக்கும் கற்பித்தார். தமிழுலகின் மிகப் பெரிய ஆடற்கலைஞர் இருவருக்கு முகத்தால் பேசக் கற்றுக் கொடுத்த அந்த அம்மையார் முதுமையில் வறுமையுற்று, 1971இல் மறைந்தார். இன்று உலகெங்கும் எத்தனையோ பிள்ளைகள் அபிநயம் பிடிக்கின்றனர். அவர்களுள் கௌரி அம்மாளின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? கொடுத்தவரின் பெயரை மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் வைத்துக் கொள்வதற்கு உலக வழக்கில் வேறு பெயர் உண்டு. கலையில் மட்டும் அதனைப் பெருந்தன்மையோடு பண்பாடு என்று அழைத்து விடுகிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் இவ்வளவு வரலாற்றை ஏற்றுவது முறையா? குழந்தை ஆடட்டும், மகிழட்டும். முன்னோர் செய்த குற்றத்துக்கும் பட்ட துன்பத்துக்கும் அவள் என்ன செய்வாள்? இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. பிள்ளைகள் பெரியவர்களின் கணக்குத் தீர்க்கப் பிறந்தவர்கள் அல்லர். ஆயினும் கடன் வேறு, சுமை வேறு. சுமை முதுகில் ஏறுவது. கடன் நினைவில் நிற்பது. பாட்டி வைத்த மரத்தின் கனியைத் தின்னும் பிள்ளையிடம், இது பாட்டி வைத்தது என்று சொன்னால் கனி கசந்து விடுவதில்லை. எட்டு வயதில் ஆசிரியரின் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கொடுக்கலாம். பதினைந்து வயதில் அப்பெண்களின் வாழ்வைச் சொல்லலாம். எந்த வயதில் எதைச் சொல்வது என்பது ஆசிரியரின் அறிவைப் பொறுத்தது. எந்த வயதிலும் எதையும் சொல்லாமல் விடுவதுதான் பிழை.

இரண்டாவது மறுப்பு இதனினும் கூர்மையானது. பரதம் கற்க மாதந்தோறும் கட்டணம் வேண்டும்; உடையும் அணிகலனும் வேண்டும்; அரங்கேற்றம் என்றால் பல்லாயிரம் வெள்ளி வேண்டும். தோட்டத்திலிருந்து வெளியேறி வாடகை வீட்டில் வாழும் குடும்பத்துப் பிள்ளை எங்கே போவாள்? அவளுக்குக் கைப்பேசியில் வரும் திரைப்பாட்டுத்தான் ஆசிரியர். அதற்குக் கட்டணம் இல்லை. மரபு என்பது பணம் உள்ளவர் வாங்கும் பொருளாகிவிட்டால், மரபை விட்டாள் என்று ஏழைப் பெண்ணைக் குறை கூற யாருக்கு உரிமை உண்டு?

இதற்கு விடை நம் மரபுக்குள்ளேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை மட்டும் இல்லை. ஆய்ச்சியர் குரவையும் இருக்கிறது. குடத்துப் பால் உறையாமலும், வெண்ணெய் உருகாமலும், ஆனிரை நடுங்கியும் தீக்குறி தோன்றியபோது, ஊருக்கு என்ன நேருமோ என்று அஞ்சிய இடைச்சேரியில் மாதரி ஒரு செயலைச் செய்கிறாள். ஏழு கன்னியரைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரால் வட்டமாக நிறுத்திக் குரவை ஆடச் செய்கிறாள். அங்கே மேடை இல்லை, பரிசு இல்லை, பொற்காசு இல்லை. அச்சம் வந்தபோது கைகோத்துக் கொண்டார்கள். அவ்வளவே. மாதவியின் ஆடலுக்கு அரசன் பார்வையாளன். குரவையில் பார்வையாளர் என்று தனியே ஒருவரும் தேவைப்படவில்லை.

கும்மி இந்தக் குரவையின் வழியில் வந்தது எனலாம். அதற்குக் கருவி வேண்டா, கை போதும். வட்டத்தில் நிற்பவருள் நன்றாக ஆடுபவள் முன்வரிசைக்கும் ஆடத் தெரியாதவள் பின்வரிசைக்கும் போவதில்லை. வட்டத்துக்கு முன்னும் பின்னும் இல்லை. பாட்டைத் தொடங்குபவள் ஒருத்தி, பின்பாட்டுப் பாடுவோர் மற்றவர். பாட்டின் சொல் வாயில் இருந்தால்தான் அடுத்த அடி காலில் வரும். மொழியை மறந்தவர் கும்மி அடிக்க முடியாது. ஆகவே ஏழைப் பிள்ளைக்கும் செல்வப் பிள்ளைக்கும் ஒருங்கே கொடுக்கத் தக்க மரபு நம்மிடம் இல்லாமற் போகவில்லை. அதனை ஆண்டுக்கொரு முறை பொங்கல் விழாவில் ஒலிப்பதிவுக்கு வாயசைத்து ஆடும் காட்சியாகச் சுருக்கியவர் நாமே.

இனித் திரைப்பாட்டுக்கு வருவோம். அதனை வெறுத்துப் பயனில்லை. வெறுக்கவும் காரணமில்லை. அந்தப் பாட்டிலும் கவிஞன் ஒருவன் இருக்கிறான். இசையமைத்தவர், ஆடல் அமைத்தவர், முதன்முதலில் அடி எடுத்து வைத்த கலைஞர் ஆகிய பலர் இருக்கின்றனர். பிள்ளை அப்பாட்டுக்கு ஆட விரும்பினால் ஆடட்டும். ஆனால் பழைய பாட்டிடம் கேட்கும் கேள்விகளையே புதிய பாட்டிடமும் கேட்கும்படி அவளைப் பழக்க வேண்டும். இந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? இதை எழுதியவர் யார்? இதை யாரை நோக்கி ஆடுகிறேன்? கேட்கத் தொடங்கினால் சில பாட்டுகள் இன்னும் இனிக்கும். வேறு சில பாட்டுகளின் சொல்லையும் அசைவையும் ஒரு சிறுமியின் உடலில் ஏற்றுவது தகாது என்பது பெரியவர் சொல்லாமலே விளங்கிவிடும். தடை விதித்து வளர்க்கும் பிள்ளை தடை நீங்கியதும் ஓடும். கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை தானே நின்று பார்க்கும்.

இக்கடன் குருதி வழி வருவதும் அன்று. ரம்லி இப்ராகிம் என்னும் மலாய்க் கலைஞர் அடையாறு லட்சுமணனிடம் பரதமும், தேவ பிரசாத் தாசிடம் ஒடிசியும் கற்றார். 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா ஆடலரங்கைத் தொடங்கினார். பல இனத்து மாணவரை உருவாக்கினார். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. பிறப்பால் உரிமை கோர முடியாத ஒருவர், பெற்றதை மதித்துப் பிறருக்குத் தந்ததால் அதற்கு உரியவரானார். பிறப்பால் உரிமை உடைய நாம், பெற்றதை மதியாவிட்டால் எதற்கு உரியவராவோம்? ஜொகூரின் சப்பின் ஆடலைப் பாருங்கள். அரபு நாட்டார் வழி வந்து, ஒரு காலத்தில் ஆடவர் மட்டுமே ஆடிய அதனை இன்று மலாய்ப் பெண்களும் ஆடுகின்றனர். வந்த வழியும் மறக்கப்படவில்லை, மாறவும் அஞ்சவில்லை.

ஆகவே, பழையதா புதியதா என்பது பெற்றோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி அன்று. பொருள் தெரிந்து ஆடுகிறாளா, பெயர் தெரிந்து ஆடுகிறாளா என்பதே முதற்கேள்வி. பொருள் தெரியாமல் ஆடிய வருணத்தினும் பொருள் தெரிந்து அடித்த கும்மி உயர்ந்தது. பெயர் மறந்து ஆடிய தில்லானாவினும், எழுதியவர் பெயர் சொல்லி ஆடிய புதுப்பாட்டு நேர்மையானது. ஹவாய்த் தீவினர் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் இது. ஆடல் ஒரு மக்களைக் காப்பாற்றும் என்று நம்பி மொழியைக் கைவிட்டால், கடைசியில் ஆடலே அம்மக்களின் இழப்பை மறைக்கும் திரையாகிவிடும். தமிழ் பேசாத வீட்டில் பரத உடையில் எடுத்த படம் மட்டும் சுவரில் தொங்குமாயின், அது நம்மைப் பார்த்துக் கேட்பதும் இதுவே.

இதற்காகப் பெரிய திட்டம் எதுவும் வேண்டுவதில்லை. செடெனாக் போன்ற ஊர்களில் பிற்பகல் வகுப்பு நடத்துவோர் சலங்கை கட்டுமுன் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். அன்று ஆடப் போகும் பாட்டைப் பிள்ளைகள் தமிழில் வாய்விட்டுச் சொல்லட்டும். பொருளைத் தம் சொற்களில் கூறட்டும். அந்த அடவு தம் ஆசிரியருக்கு யாரிடமிருந்து வந்தது என்று அறியட்டும். மாதத்தில் ஒரு நாள் பார்வையாளர் இல்லாமல், பெற்றோரும் வட்டத்தில் நிற்க, கும்மி நடக்கட்டும். அத்தகைய வகுப்பிலிருந்து பெருங்கலைஞர் எழலாம், எழாமலும் போகலாம். ஆனால் வாங்கியது எது, கொடுத்தவர் யார் என்று அறிந்த ஒரு தலைமுறை எழும். அவர்கள் நாளை தம் பிள்ளைக்கு எந்த ஆடலைக் கொடுத்தாலும், அதைப் பெயரோடும் பொருளோடும் கொடுப்பார்கள். ஆடியவர் தீர்க்க வேண்டிய கடன் அவ்வாறுதான் தீர்கிறது. வாங்கியவரிடம் திருப்பிக் கொடுத்து அன்று, வருகிறவரிடம் முறையாக ஒப்படைத்து.